நான்கு ராட்சத மிருகங்கள், ஒரே துறைமுகம்: பலமுனைச் சண்டையை அனிமேஷனில் எடுக்க முழுமையான வழிகாட்டி

இரண்டு ராட்சத மிருகங்கள் மோதும் சண்டையை எடுப்பது ஒரு வேலை. நான்கு மிருகங்களை விட்டு, ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் எதிர்க்கும் சண்டையை எடுப்பது முற்றிலும் வேறு வேலை. இருவர் மோதும்போது யார் யாரை அடிக்கிறார் என்ற கேள்வியே எழாது. நால்வர் மோதும்போது அது ஒவ்வொரு ஷாட்டிலும் எழும். அரை நொடிக்குள் பதில் கிடைக்காவிட்டால் பார்ப்பவருக்கு வெறும் தூசியும் சத்தமும்தான் மிஞ்சும்.

இப்படிப்பட்ட படங்களில் நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள்: தெளிவு, எடை. யார் எங்கே நிற்கிறார் என்று புரிய வேண்டும். நிற்பது ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள உடம்பு என்று நம்ப வேண்டும். மாடலின் தோலில் எத்தனை செதில், ரெண்டர் எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வழிகாட்டி முப்பரிமாண அனிமேஷனுக்கானது. மென்பொருள் பிளெண்டர். 2002-ல் பயனர்கள் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலைத் திறந்துவிட்டதிலிருந்து அது எல்லோருக்கும் இலவசம். கீஃப்ரேம் என்றால் என்ன, எலும்புக்கூட்டு ரிக் என்றால் என்ன என்ற அளவுக்கு உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இலக்கு: ஒரே ஆள், ஒரு சாதாரண கேமிங் கணினி, 90 நொடிப் படம்.

படி 1: ஆளுக்கு ஒரு காரணம் கொடுங்கள்

நான்கு மிருகங்களும் காரணமில்லாமல் அடித்துக்கொண்டால் அது பத்து நொடிக்கு மேல் தாங்காது. நடுவில் ஒரே ஒரு பொருளை வையுங்கள். நால்வருக்கும் அந்தப் பொருளோடு வெவ்வேறு உறவு இருக்கட்டும்.

வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு துறைமுகம். அலைதடுப்புச் சுவரின் மேல் ஒரு பெரிய முட்டை. அது ராக் பறவையின் முட்டை. அரபுக் கதைகளில் யானையையே தூக்கிப் போகும் பறவை அது. முட்டையைத் தின்னக் கடலிலிருந்து வருகிறது ராட்சத ஆக்டோபஸ் போன்ற கிராக்கன். நார்வேக் கடலோரத்து நம்பிக்கையில் பிறந்த இந்த மிருகத்தை, பெர்கன் நகரத்துப் பிஷப் எரிக் பொன்டோப்பிடான் 1750-களில் தன் இயற்கை வரலாற்று நூலிலேயே சேர்த்துவிட்டார். மூன்றாவது யாளி. நம் கோயில் மண்டபத் தூண்களில் பாய்ந்து நிற்பதுபோல, இங்கே துறைமுக வாசலில் காவல் நிற்கிறது. முட்டையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. யாரும் வாசலைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். நான்காவது, கரையோரக் குன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த கல் பூதம். அதற்கு ஒரே விதி: கடைசியாகத் தன்னைத் தொட்டவரைத் திருப்பி அடிக்கும்.

கல் பூதத்தின் விதியைக் கவனியுங்கள். பலமுனைச் சண்டையில் இப்படி ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டும். கிராக்கன் பறவையைப் பிடித்துப் பூதத்தின் மேல் வீசினால் போதும், பூதம் பறவையின் பக்கம் திரும்பிவிடும். யார் யாருக்கு எதிரி என்பதை ஒரே தொடுதலில் மாற்ற முடிகிறது. அது ஏன் மாறியது என்பதும் பார்ப்பவருக்கு வசனமே இல்லாமல் புரிகிறது.

ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன வேண்டும், எதற்குப் பயம், எப்போது பின்வாங்கும். பின்னால் எந்த ஷாட்டில் தடுமாறினாலும் இந்தத் தாளைப் பார்த்தால் அடுத்த அசைவு கிடைத்துவிடும்.

படி 2: நிழலிலேயே அடையாளம் தெரியட்டும்

நான்கு மிருகங்களையும் முழுக் கறுப்பு நிரப்பி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் எது எது என்று உடனே தெரிய வேண்டும். நம் உதாரணத்தில் யாளி முன்னங்கால் தூக்கிய சாய்வான வடிவம், பறவை அகலமான முக்கோணம், கிராக்கன் தாழ்ந்து நெளியும் வளைவுகள், பூதம் நிமிர்ந்த சதுரம். அடுத்து, இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். சண்டையில் அவை கட்டிப்புரளத்தான் போகின்றன. யாளியின் பிடரியும் பறவையின் சிறகும் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தால், இப்போதே ஒன்றின் வடிவத்தை மாற்றுவது நல்லது.

நிறத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். யாளிக்குக் காவி கலந்த பழுப்பு, கிராக்கனுக்கு அடர் சிவப்பு, பறவைக்கு வெளிர் சாம்பல், பூதத்துக்குப் பாசி படிந்த பச்சை. ஒரு மிருகத்தின் முக்கிய நிறம் மற்றொன்றில் வரவே கூடாது.

அடுத்து உடலமைப்பு. கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் விளக்கிய ஒரு கணக்கு இங்கே நேரடியாக உதவும். ஓர் உடம்பை அதே வடிவத்தில் 10 மடங்கு பெரிதாக்கினால் எடை 1000 மடங்கு ஏறும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 100 மடங்குதான் ஏறும். அதனால்தான் யானையின் கால் பூனையின் கால்போல மடங்கி நிற்பதில்லை. தூண்போல நேராக நிற்கிறது. 60 மீட்டர் மிருகம் எப்படியும் கற்பனைதான். ஆனாலும் கால்களைத் தடியாக்கி, மூட்டுகளை நிமிர்த்தி, பாதத்தை அகலப்படுத்தினால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். மெல்லிய காலோடு எவ்வளவு நன்றாக அனிமேட் செய்தாலும் அது பெரிதாக்கப்பட்ட பூச்சியாகவே தெரியும்.

யாளிக்கு மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களைப் பாருங்கள். சிங்க உடல், பிதுங்கிய கண், விரிந்த வாய், சிலவற்றில் துதிக்கை. சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அந்த உருண்டையை உங்கள் மாடலிலும் வையுங்கள். யாளி உறுமும்போது அது உள்ளே உருளும் சத்தம் அதன் அடையாளக் குரலாகிவிடும்.

படி 3: அளவும் நேரமும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒரு மிருகம் பெரியதாகத் தெரிவது அதன் உயரத்தால் அல்ல, அது எடுத்துக்கொள்ளும் நேரத்தால்.

விழும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ சுமார் 0.45 நொடி, நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 11 ஃபிரேம். 5 மீட்டருக்கு 24 ஃபிரேம். 20 மீட்டருக்கு 48 ஃபிரேம். 60 மீட்டருக்கு சுமார் 84 ஃபிரேம், அதாவது மூன்றரை நொடி. உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு, எப்போதும் வர்க்கமூலம். யாளியின் தலையில் மோதி உடையும் கோபுரத்துண்டு தரைக்கு வர மூன்றரை நொடி ஆக வேண்டும். ஒரே நொடியில் விழுந்தால் உங்கள் 60 மீட்டர் யாளி அந்தக் கணத்திலேயே 5 மீட்டர் பொம்மையாகிவிடும்.

நடைக்கும் இதே கணக்குதான். மனிதர் சுமார் 1.7 மீட்டர், 60 மீட்டர் மிருகம் 35 மடங்கு. 35-ன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6. நாம் ஒரு காலடி வைக்க அரை நொடி ஆகிறது என்றால் அதற்கு 3 நொடி ஆக வேண்டும். இயற்பியல்படி இது சரி. ஆனால் சண்டைப் படத்தில் ஒரு காலடிக்கு 72 ஃபிரேம் காத்திருக்க யாராலும் முடியாது. நான் பரிந்துரைப்பது பாதி: ஒரு காலடிக்கு 36 ஃபிரேம். பார்க்க மெதுவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மனிதக் காலடி 70 செ.மீ. என்றால் இதற்கு 25 மீட்டர். ஒன்றரை நொடியில் 25 மீட்டர் என்பது மணிக்கு 60 கி.மீ. வேகம். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தோடு அந்த மிருகம் நடந்தே வரும்.

மாதிரி மிருகங்களை வைத்துப் படமெடுத்தவர்கள் இதை எப்போதோ பிடித்துவிட்டார்கள். 1954-ல் டோஹோ நிறுவனம் எடுத்த முதல் காட்ஸில்லா படத்தில் மிருகத்தின் உயரம் 50 மீட்டர். உடைக்குள் இருந்தவர் ஒரு மனிதர். சுற்றியிருந்த கட்டடங்கள் 25-ல் ஒரு பங்கு அளவு. சிறப்புக் காட்சிகளின் இயக்குநர் எய்ஜி சுபுராயா கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓடவிட்டுப் படமெடுத்தார். திரையில் சாதாரண வேகத்தில் ஓடும்போது மனிதரின் அசைவு மெதுவாகி, கனமாகத் தெரியும். மாதிரி உருவங்களைப் படமெடுப்பவர்கள் பின்பற்றும் விதியும் வர்க்கமூலம்தான்: 25-ல் ஒரு பங்கு மாதிரி என்றால் ஐந்து மடங்கு வேகம், அதாவது நொடிக்கு 120 ஃபிரேம்.

நால்வருக்கும் ஒரே நேரக்கணக்கு பொருந்தாது. கல் பூதத்துக்குத் தசை இல்லை. அது எல்லாவற்றிலும் மெதுவாக, நின்று நின்று அசையட்டும். கிராக்கனின் உடம்பைத் தண்ணீர் தாங்குவதால் கைகள் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கலாம். கரையேறினால் துவள வேண்டும். பறவையின் ஒரு சிறகடிப்புக்கு 60 முதல் 70 ஃபிரேம் கொடுங்கள். கீழ்நோக்கிய அடி வலுவாக, மேலே போகும்போது சிறகு மடங்கி. யாளிக்கு யானையைக் கவனியுங்கள். யானை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும்போதும் நான்கு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழுவதில்லை. யாளி ஓடும்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கட்டும். முழு உடம்பும் காற்றில் எழும் பாய்ச்சலைப் படம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவை வையுங்கள். அதன் மதிப்பு தனியாகத் தெரியும்.

பிளெண்டரில் காட்சியை உண்மையான மீட்டர் அளவிலேயே கட்டுங்கள். முதல் வேலையாக 1.7 மீட்டர் மனித உருவம் ஒன்றையும், ஒரு பேருந்தையும், 54 மீட்டர் உயரப் பெட்டி ஒன்றையும் வையுங்கள். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் ஏறக்குறைய அந்த உயரம் என்பதால் மனசில் அளவு பிடிபடும். கேமராவின் கிளிப் எண்ட் மதிப்பையும், அதாவது எவ்வளவு தூரம்வரை கேமரா பார்க்கும் என்ற எல்லையையும், ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தூரத்தில் நிற்கும் மிருகம் படத்தில் வராது.

படி 4: சண்டையைத் தாளில் முடியுங்கள்

நால்வர் சண்டை என்றாலும் திரையில் நால்வரும் ஒரே நேரத்தில் சண்டை போடக்கூடாது. எந்த நொடியை எடுத்தாலும் இருவர் மோதுவார்கள். மூன்றாமவர் உள்ளே வந்துகொண்டிருப்பார். நான்காமவர் விலகி இருப்பார், அடிபட்டோ மறைந்தோ பார்த்துக்கொண்டோ. மூன்றாமவர் நுழையும் கணத்தில் ஜோடி மாறும். பலமுனைச் சண்டை என்பது இப்படி மாறிக்கொண்டே போகும் ஜோடிகளின் தொடர்ச்சிதான்.

1963-ல் ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தில் ஸ்டாப்-மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசன் ஏழு எலும்புக்கூடுகளை மூன்று மனிதர்களோடு மோதவிட்ட காட்சி இன்றும் பாடமாக இருப்பது இதனால்தான். நடிகர்கள் முதலில் சண்டைக் கலைஞர்களோடு ஒவ்வொரு வீச்சையும் ஒத்திகை பார்த்தார்கள். பிறகு யாருமில்லாத காற்றில் அதே எண்ணிக்கையில் வாள் வீசினார்கள். எலும்புக்கூடுகளை அவர் ஃபிரேம் ஃபிரேமாக அசைத்துச் சேர்த்தார். அதற்கு சுமார் நாலரை மாதம் ஆனது. பத்துப் பேர் மோதினாலும் எந்த வாள் எந்தக் கேடயத்தில் படுகிறது என்பது தெரியும்.

நம் துறைமுகச் சண்டையை இப்படிப் பிரிக்கலாம். முதல் 15 நொடி: இடம் அறிமுகம், முட்டை, கிராக்கனின் முதல் கை சுவரைத் தொடுகிறது, பறவை இறங்குகிறது. அடுத்த 20 நொடி: பறவையும் கிராக்கனும், கிராக்கனின் ஒரு கை தவறிப்போய்க் குன்றில் அறைகிறது. குன்று கண் திறக்கிறது. அடுத்து பூதமும் கிராக்கனும். பறவை முட்டையைத் தூக்கிக்கொண்டு நிலத்தின் பக்கம் பறக்கிறது, அதாவது யாளி காக்கும் வாசலை நோக்கி. யாளியின் ஒரே பாய்ச்சல் இங்கே. பறவை விழுகிறது, பூதத்தின் மேல். பூதம் திரும்புகிறது. கடைசி 20 நொடியில் மூவர் சிக்கிக்கொள்ள, முட்டை உருண்டு தண்ணீரை நோக்கிப் போகிறது.

முடிவை நீங்கள் தீர்மானியுங்கள். ஒன்று மட்டும்: வெற்றி, மிகப்பெரிய மிருகத்துக்குப் போகாமல் அதன் பலவீனத்தைச் சரியாகப் பயன்படுத்தியவருக்குப் போனால் சண்டை முழுவதற்கும் அர்த்தம் கிடைக்கும்.

துறைமுகத்தின் வரைபடத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, நான்கு காசுகளை மிருகங்களாக வைத்து நகர்த்துங்கள். காசு எங்கே போனது என்று அம்புக்குறி போடுங்கள். ஒரு காசு காரணமில்லாமல் பத்து நொடி சும்மா கிடந்தால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள், அல்லது கண்ணுக்குப் படாத இடத்துக்கு அனுப்புங்கள்.

படி 5: ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக், கேமரா

90 நொடிக்கு 20 ஷாட் போதும். சராசரி நாலரை நொடி. மனிதச் சண்டைக் காட்சிகளில் வரும் ஒரு நொடி வெட்டுகள் இங்கே எடையைக் கொன்றுவிடும். மிருகம் ஒரு அடியை ஆரம்பித்து முடிக்கும் முன்பே ஷாட் மாறிவிட்டால் அந்த அடியின் கனம் யாருக்கும் தெரியாது.

ஸ்டோரிபோர்டில் குச்சி உருவங்கள் போதும். அவற்றை வரிசையாக வைத்து, நேரம் கொடுத்து, தற்காலிகச் சத்தம் சேர்த்து ஒரு முன்னோட்ட வீடியோ, அதாவது அனிமேட்டிக், செய்யுங்கள். உங்கள் சண்டையைப் பற்றி முன்பே தெரியாத யாரிடமாவது போட்டுக் காட்டி, நிறுத்தி, “இப்போ யார் யாரை அடிச்சாங்க?” என்று மட்டும் கேளுங்கள். சரியான பதில் வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

திசைக் குழப்பம்தான் பெரிய எதிரி. மோதும் இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கேமராவை ஒரே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜோடி மாறும்போது கோடும் மாறும், சிக்கல் அங்கேதான். மாறாத இரண்டு அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம் எப்போதும் திரையின் இடப்பக்கம். சூரியன் எப்போதும் கடலின் பக்கம். ஜோடி மாறும் ஒவ்வொரு முறையும் நால்வரும் தெரியும் ஓர் அகன்ற ஷாட் வையுங்கள், இரண்டு நொடியாவது.

கேமராவை மனிதர் நிற்கக்கூடிய இடங்களில் வையுங்கள்: தரையிலிருந்து 1.6 மீட்டர், படகின் தளம், மாடி, ஹெலிகாப்டர் தூரம். மிருகத்தின் முகத்துக்கு நேரே மிதக்கும் கேமரா அதை மனித அளவுக்கு இறக்கிவிடும். தரை ஷாட்டுகளுக்கு 20 முதல் 28 மி.மீ. லென்ஸ். பின்னணியை மங்கலாக்கும் ஆசையை அடக்குங்கள். ஆழமில்லாத ஃபோகஸ் பார்த்தவுடன் கண் அதைச் சின்ன மாதிரி பொம்மை என்று முடிவு செய்துவிடும். கேமரா நடுக்கத்தையும் காலடி விழும்போது மட்டும் கொடுங்கள். சண்டை முழுக்க ஆடும் கேமரா, நீங்கள் உழைத்துச் செய்த அசைவுகளை மறைக்கத்தான் உதவும்.

படி 6: ரிக்

பிளெண்டரோடு வரும் ரிஜிஃபை ஆட்-ஆனில் மனிதர், பூனை, ஓநாய், குதிரை, பறவை எல்லாவற்றுக்கும் ஆரம்ப எலும்புக்கூடுகள் இருக்கின்றன. யாளிக்குப் பூனை, ராக்குக்குப் பறவை, பூதத்துக்கு மனிதர் என்று எடுத்து விகிதத்தை மாற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. யாளியின் துதிக்கைக்குத் தனி எலும்புத் தொடர் சேர்க்க வேண்டும்.

கிராக்கன் மட்டும் தனி உழைப்பு கேட்கும். ஒவ்வொரு கைக்கும் எலும்புத் தொடர் ஒன்று போட்டு, எலும்புகளை வளைகோட்டின் வழியே வளைக்கும் ஸ்ப்லைன் ஐ.கே. வசதியால் அதை ஒரு வளைகோட்டோடு இணையுங்கள். வளைகோட்டின் நான்கைந்து புள்ளிகளை நகர்த்தினால் கை முழுதும் நெளியும். நிஜ ஆக்டோபஸின் கையில் எலும்பு கிடையாது. தசையின் கனஅளவு மாறாது. அதனால் கை நீளும்போது மெலிய வேண்டும், சுருங்கும்போது தடிக்க வேண்டும். ஸ்ப்லைன் ஐ.கே.யிலேயே கனஅளவைக் காக்கும் அமைப்பு இருக்கிறது. எட்டுக் கைகளையும் எப்போதும் ஆட்ட வேண்டாம்: இரண்டு சண்டைக்கு, இரண்டு உடம்பைத் தாங்க, மீதி தண்ணீருக்கடியில்.

படி 7: முரட்டு நிலைகளிலிருந்து மென்மைக்கு

முதல் சுற்றில் கீஃப்ரேம்களின் இடைநிலையைக் கான்ஸ்டன்ட் (அடுத்த கீஃப்ரேம்வரை அசையாமல் நிற்பது) என்று வைத்து, முக்கிய நிலைகளை மட்டும் போடுங்கள். படம் வெட்டி வெட்டிக் குதிக்கும், அதுதான் வேண்டும். நிலைகள் தெளிவாக இருக்கின்றனவா, நேரம் சரியா என்று மட்டும் பாருங்கள். 20 ஷாட்டையும் இந்த நிலையில் முடித்துத் தொடர்ச்சியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் எந்த ஷாட்டையும் மெருகேற்றத் தொடங்க வேண்டும். ஒரு ஷாட்டை அழகாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், பிறகு அதை வெட்ட மனசு வராது.

இடைநிலையை மென்மையான வளைவான பெசியருக்கு மாற்றியதும் எல்லாமே மிதக்க ஆரம்பிக்கும். கணினி எல்லா அசைவையும் ஒரே சீராகத் தொடங்கி ஒரே சீராக முடிக்கப் பார்ப்பதே காரணம். கிராஃப் எடிட்டரில் பாதம் தரையைத் தொடும் இடத்தின் வளைவைக் கூர்மையாக்குங்கள். பாதம் வேகமாக வந்து சட்டென்று நிற்க வேண்டும். அது நின்ற பிறகும் இடுப்பு இன்னும் 6 ஃபிரேம் கீழே இறங்கட்டும். வயிறு அதற்குப் பின்னால், வால் கடைசியில். மனித அளவில் இந்தத் தாமதம் 2 அல்லது 3 ஃபிரேம். இங்கே 8, 10 வரை போகலாம். ஒரு மிருகத்தின் எல்லா உறுப்புகளும் ஒரே ஃபிரேமில் நின்றால் அதற்கு எடையே கிடையாது.

படி 8: ஓர் அடி எப்படி விழ வேண்டும்

பூதத்தின் கை யாளியின் தோளில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயத்தத்துக்கு 30 ஃபிரேம்: பூதத்தின் எடை பின்னங்காலுக்கு மாறி, இடுப்பு திரும்பி, கை கடைசியாக உயர்கிறது. வீச்சு 18 ஃபிரேம். கை 40 மீட்டர் தூரம் போகிறது என்றால் அதுவே மணிக்கு 190 கி.மீ.யைத் தாண்டும், இதைவிடக் குறைக்காதீர்கள். தொட்டதும் 2 ஃபிரேம் இரண்டு உடம்பும் ஏறக்குறைய அசையாமல் இருக்கட்டும். பிறகு தோள் முதலில் உள்ளே போகிறது, 4 ஃபிரேம் கழித்து மார்பு, அப்புறம் தலை, கடைசியில் பின்னங்கால் சறுக்குகிறது. யாளி நிலைக்குத் திரும்ப 40 ஃபிரேமுக்குக் குறையக்கூடாது.

அடித்தவரையும் மறக்க வேண்டாம். அவ்வளவு எடையை வீசியவர் உடனே நிமிர முடியாது. அந்த வேகம் அவரையும் இழுத்துக்கொண்டு போகும். இந்தத் தள்ளாட்டம்தான் மூன்றாமவர் நுழைய வேண்டிய நேரம். பறவை அங்கே இறங்கினால் யாரும் தற்செயல் என்று நினைக்கமாட்டார்கள்.

பிடித்துத் தூக்கும் இடங்களுக்கு, ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்ந்து நகரவைக்கும் சைல்ட் ஆஃப் கன்ஸ்ட்ரெயிண்ட் பயன்படுத்துங்கள். கிராக்கனின் கை பறவையைச் சுற்றிய ஃபிரேமில் அதன் செல்வாக்கை 0-விலிருந்து 1-க்கு மாற்றிக் கீஃப்ரேம் வைக்க வேண்டும். விடும்போது திரும்ப 0. மாறும் அந்த ஒரு ஃபிரேமில் குதிப்பு தெரிந்தால், ஷாட்டை அங்கேயே வெட்டி வேறு கோணத்துக்குப் போய்விடுங்கள்.

அடிபட்ட இடம் அடுத்த ஷாட்டிலும் தெரிய வேண்டும். பூதத்தின் தோளில் ஒரு துண்டு உடைந்தால் படம் முடியும்வரை அது உடைந்தே இருக்கட்டும். யார் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பதை உடம்பே காட்டிவிடும்.

படி 9: இடிபாடு, தூசி, தண்ணீர்

சிமுலேஷனில், அதாவது உடைவதையும் தெறிப்பதையும் கணினியே கணக்கிடும் வேலையில், நாட்களைத் தொலைப்பது எளிது. கேமராவுக்குப் பக்கத்தில் உடையும் இரண்டு மூன்று கட்டடங்களுக்கு மட்டும், துண்டுகளாக உடைக்கும் செல் ஃப்ராக்சர் ஆட்-ஆனும் அவற்றை விழவைக்கும் ரிஜிட் பாடியும். தூரத்தில் உடைபவற்றுக்கு முன்பே உடைத்து வைத்த துண்டுகளைக் கையாலேயே கீஃப்ரேம் செய்யலாம். புவியீர்ப்பை 9.8-லேயே விடுங்கள், துண்டுகள் மெதுவாக விழுவதாகத் தோன்றினால் அளவு சரியாக இருக்கிறது என்று பொருள்.

துண்டுகளின் அளவில் கவனம் வேண்டும். ஒரு சுவர் பத்துப் பெரிய துண்டாக உடைந்தால் அது பிஸ்கட். பெரிய துண்டு கொஞ்சம், நடுத்தரம் நிறைய, பொடி எண்ண முடியாத அளவு என்று கலக்க வேண்டும். தண்ணீருக்கும் அப்படியே: பெரிய தெறிப்பு கடைசியில் மெல்லிய பனிமூட்டமாகச் சிதற வேண்டும். முழுக் கடலையும் சிமுலேட் செய்யாமல், அலைப் பரப்பை உருவாக்கும் ஓஷன் மாடிஃபையரைப் போட்டு, தெறிப்புகளை மட்டும் தனியே செய்து பொருத்துங்கள். தூசிக்கும் தயாராகக் கிடைக்கும் தூசிக் காட்சிகளைத் தட்டையான பலகைகளில் ஒட்டி, பாதி வேகத்தில் ஓட்டினால் போதும்.

படி 10: வெளிச்சம்

இரவு மழையில் சண்டை வைக்க வேண்டாம் என்பேன். மறைக்க உதவும், உண்மைதான். ஆனால் நான்கு மிருகங்களைப் பிரித்துக்காட்ட நீங்கள் செய்த வேலையெல்லாம் அதிலேயே போய்விடும். கடலுக்குப் பின்னாலிருந்து வரும் மாலை வெயில் வையுங்கள். நால்வரின் விளிம்பும் தானாக ஒளிரும். காற்றில் மெல்லிய மூட்டம் சேருங்கள். 200 மீட்டரில் நிற்பவர் அடர்த்தியாகவும், ஒரு கிலோமீட்டரில் நிற்பவர் வெளிறி நீலம் பாய்ந்தும் தெரிந்தால் தூரமும் அளவும் ஒரே பார்வையில் புரியும். சண்டையிடும் இருவரை வெளிச்சத்திலும், காத்திருக்கும் மற்றவரை மூட்டத்திலும் வைத்தால் கண் தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

படி 11: சத்தம்

ஒவ்வொரு அடிக்கும் மூன்று அடுக்கு: அடிவயிற்றில் உணரும் கனமான முழக்கம், நடுவில் முறியும் சத்தம், கடைசியில் சில நொடி நீளும் சிதறல். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும்; ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்த அடி மூன்று நொடி கழித்தே கேட்கும். அவ்வளவு தாமதம் படத்தில் குழப்பும். அகன்ற ஷாட்டுகளில் 6 முதல் 10 ஃபிரேம் தள்ளி வையுங்கள், அந்தத் தூரம் காதுக்குப் புரிந்துவிடும்.

மிருகத்தின் குரலை மிருகத்திடமே தேட வேண்டியதில்லை. 1954 காட்ஸில்லாவின் கர்ஜனையை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் நரம்பை உரசிப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து உருவாக்கினார். உங்கள் வீட்டு அம்மிக்கல்லை உரசிப் பதிவு செய்து நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கல் பூதத்தின் மூட்டுச் சத்தம் கிடைக்கும். மீதிக்கு, ஒலிகள் பகிரப்படும் ஃப்ரீசவுண்ட் இணையதளத்தில் தேடலாம். ஒவ்வொரு ஒலியின் உரிம நிபந்தனையையும் பார்த்து எடுங்கள். பின்னணி இசையைச் சண்டை முழுக்க ஓடவிடாமல், பூதம் கண் திறக்கும் இடத்தில் முற்றிலும் நிறுத்துங்கள்.

படி 12: ரெண்டர்

90 நொடி என்பது 2,160 ஃபிரேம். ஃபிரேமுக்கு 2 நிமிடம் என்றால் 72 மணி நேரம், மூன்று முழு நாள். அதனால் பிளெண்டரின் இரண்டு ரெண்டர் முறைகளில் மெதுவான சைக்கிள்ஸை விட்டு வேகமான ஈவீயில் எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். வேகமான அசைவை மங்கலாக்கும் மோஷன் பிளர் போட்டு, ஷட்டர் மதிப்பை 0.5-ல் வையுங்கள். நேரடியாக வீடியோ கோப்பாக எடுக்காமல் பி.என்.ஜி. படங்களின் வரிசையாக எடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம். முதலில் ஒவ்வொரு ஷாட்டிலும் பத்துக்கு ஒரு ஃபிரேம் மட்டும் எடுத்துப் பார்த்தால் நிழல் பிழை, காணாமல் போன டெக்ஸ்ச்சர், தரைக்குள் புதைந்த பாதம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். திருத்திவிட்டு முழு ரெண்டரைத் தொடங்குங்கள். எல்லாப் படங்களையும் பிளெண்டரின் வீடியோ சீக்வென்சரில் ஒலியோடு அடுக்கி, எச்.264 எம்.பி.4 கோப்பாக வெளியே எடுத்தால் படம் தயார்.